அந்த அம்மா என்ன சொன்னாள்?

இது நடந்தது. நம்பாதவர்கள் அவனியாபுரத்தில் லாசர் ஒர்க்‌ஷாப் எங்கே என்று கேட்டுக்கொண்டு போகலாம். அன்றைக்கு ஜீப் ஓட்டியவர் அவர்தான். இன்றுவரை பகல் பன்னிரண்டரை மணிக்கு அவர் ஸ்டீயரிங்கைத் தொடமாட்டார். யார் வந்து அவசரப்படுத்தினாலும், ஒரு மணி ஆகட்டும் என்று டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துவிடுவார்.

பேய் என்றால் ராத்திரி, அமாவாசை, நாய் ஊளை என்று எதிர்பார்க்கிறவர்கள் மன்னிக்கவும். இது மே மாதத்து உச்சி வெயிலில் நடந்தது. நாற்பது பிள்ளைகள் பக்கத்தில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தார்கள்.

கிருபாகரன் பசுமலைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் வாத்தியார். வயது முப்பத்தைந்து. வெளிநாட்டுக்காரர்கள் வந்து பேசினால், பக்கத்தில் நின்று தமிழில் சொல்ல அவரை விட்டால் ஆளில்லை. அவர்கள் சிரித்தால் இவரும் சிரிப்பார். அவர்கள் கண் கலங்கினால் இவருக்குக் குரல் கம்மும். 'அவர் சொல்கிறார்' என்று ஒருநாளும் சொல்லமாட்டார், 'நான்' என்றுதான் சொல்வார். அமெரிக்காவில் பிறந்தது, பனியில் விளையாடியது, பதினாறு வயதில் மனம் திரும்பியது எல்லாமே அவர் வாயில் 'நான்'தான். மொழிபெயர்க்கிறவன் வெறும் குழாய் மாதிரி இருக்கவேண்டும், உள்ளே ஓடுவது மட்டும்தான் தெரியவேண்டும் என்று பெருமையடித்துக்கொள்வார். குழாய்க்குள் யார் எதை ஊற்றுவார்கள் என்று அவர் யோசித்ததில்லை.

1978 மே மாதம் அமெரிக்காவிலிருந்து டோரதி அம்மா வந்தார். அங்கே அவரும் டீச்சர். கோடை விடுமுறையில் மூன்று வாரம் வந்து, நாகமலைக்கு மேற்கே உள்ள கிராமத்துப் பிள்ளைகளுக்கு வேதக் கதையும் பாட்டும் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போகிற ஊழியம். நல்ல மனுஷி. மிளகாய்க் காரத்தில் கண்ணீர் வழிய வழியச் சாப்பிடுவார், வேண்டாம் என்று மட்டும் சொல்லத் தெரியாது. தமிழில் அவர் அறிந்தது 'தண்ணி', 'ஸ்தோத்திரம்' என்ற இரண்டு வார்த்தைகள். மற்றதற்கெல்லாம் கிருபாகரனைத்தான் திரும்பிப் பார்ப்பார்.

மே மாதம் மூன்றாம் வெள்ளிக்கிழமை, கடைசி நாள். ஊர் கல்லூத்துப்பட்டி. பகல் பன்னிரண்டரைக்கு எல்லாரும் ஜீப்பில் ஏறப்போகிற நேரத்தில், காட்டுப் பக்கமிருந்து ஒரு பெண் தலைவிரி கோலமாக ஓடிவந்து டோரதி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தாயீ, எம் மகளப் பாம்பு கடிச்சிருச்சு தாயீ! கெணத்து மேட்டுல கெடக்கா. ஒங்க வண்டியில ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருங்க. சார், நீங்க சொல்லுங்க சார்... அவுகளுக்குச் சொல்லுங்க."

என்ன சொல்கிறாள் என்று டோரதி அம்மா கிருபாகரனைப் பார்த்தார்.

ஒரு மணிக்குப் பசுமலையில் கமிட்டிக்காரர்களோடு சாப்பாடு. அமெரிக்காவுக்கு ஒரு வருஷப் படிப்புக்கு யாரை அனுப்புவது என்று அங்கேதான் முடிவாகும். டோரதி அம்மா பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வார்த்தை சொன்னால் அது கிருபாகரன்தான். கிணற்று மேடு அரை மைல் உள்ளே. அப்புறம் ஆஸ்பத்திரி, அங்கே எம்புட்டு நேரமோ... அவருக்கு யோசிக்க இரண்டு நொடிதான் ஆயிற்று.

"இந்த அம்மாவுக்கு ரொம்ப சந்தோஷம். ஆனந்தக் கண்ணீர். உங்கள் ஆசீர்வாதம் வேண்டுமாம்" என்று இங்கிலீஷில் சொன்னார்.

டோரதி அம்மாவுக்கும் கண் கலங்கிவிட்டது. அந்தப் பெண்ணின் தலையில் கை வைத்து ஜெபம் செய்தார். அவள் ஒன்றும் புரியாமல் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். முன்னாலிருந்து லாசர், "சார், பாம்புக்கடின்னு..." என்று இழுத்தார்.

"வண்டிய எடுப்பா. நேரமாகுது."

லாசர் எடுத்தார். இந்த இடத்தைச் சொல்லும்போது அவர் நம் முகத்தைப் பார்ப்பதில்லை.

கிருபாகரன் அவள் பேரைக்கூடக் கேட்கவில்லை. ஊரில் பச்சிலை கொடுக்கிறவன் இருப்பான், பிள்ளை பிழைத்திருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பத்து நாளில் அதுவும் மறந்துபோயிற்று. அமெரிக்கா போகிறவர் பட்டியலில் அவர் பேர்தான் வந்தது. அடுத்த வருஷம் ஜூலையில் விமானம்.

அடுத்த வருஷம் அதே மே மாதம் டோரதி அம்மா மறுபடியும் வந்தார். கல்லூத்துப்பட்டியை விட்டுவிடலாம் என்று கிருபாகரன் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அந்த ஊரில்தானே ஒரு தாய் ஆனந்தக் கண்ணீர் விட்டாள், அங்கே போகாமல் எப்படி என்று டோரதி அம்மா சிரித்துவிட்டார். மூன்றாம் வெள்ளிக்கிழமைக்குத்தான் அந்த ஊர் விழுந்தது.

கிருபாகரனின் மனைவி சூசையம்மாள் பிரசவத்துக்கு ஆனையூரில் தாய்வீட்டில் இருந்தாள். அதனால் ஏழு வயது மகள் பாக்கியமேரியும் அன்று ஜீப்பில் வந்தாள். ஒரே பிள்ளை. அவளுக்கு ஒரு தும்மல் வந்தால் இவர் ராத்திரி தூங்கமாட்டார். அமெரிக்காவை நினைக்கும்போது அவருக்கு இருந்த ஒரே வருத்தம் அவளைப் பிரிந்திருக்கவேண்டுமே என்பதுதான்.

காலை 9.40. ஓலைக் கொட்டகையில் பிள்ளைகள் வந்து உட்கார்ந்தார்கள். போன வருஷம் எழுபது பேர், இப்போது நாற்பதுதான். பெரியவர்கள் யாரும் பக்கத்தில் வரவில்லை. தூரத்தில் வேப்பமரத்தடியில் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

10.15. அந்த அம்மா எப்படி இருக்கிறாள், விசாரியுங்கள் என்றார் டோரதி அம்மா. கிருபாகரன் யாரையும் கேட்கவில்லை. "நன்றாக இருக்கிறாள்" என்று இங்கிலீஷில் தானாகவே சொன்னார்.

"இல்ல."

கொட்டகைக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் குரல்... தெளிவாகக் கேட்டது. அந்த ஊரில் இங்கிலீஷ் தெரிந்தவர் யாரும் இல்லை. எழுந்துபோய்ப் பார்த்தார். வெயில்தான் இருந்தது.

11.05. சாணி மெழுகிய தரையில் ஈரக் காலடி. மழை பெய்து நாலு மாதமாகிறது. காலடி வாசலிலிருந்து நேராக வந்து, அவர் நிற்கிற இடத்துக்கு இடது பக்கம் நின்றுவிட்டது. டோரதி அம்மாவுக்குப் பக்கத்தில் அவர் எவ்வளவு தள்ளி நிற்பாரோ, அவருக்குப் பக்கத்தில் அவ்வளவே தள்ளி. திரும்பிப்போன காலடி இல்லை.

"யாரு தண்ணி கொட்டுனது?"

பிள்ளைகள் காலைத் தூக்கிக் காட்டினார்கள். எல்லாம் காய்ந்த கால்.

11.50. டோரதி அம்மா துணிப் பலகையில் படங்களை ஒட்டிக் கதை சொன்னார். மகள் சாகக் கிடக்கிறாள், வீட்டுக்கு வாரும் என்று இயேசுவின் காலில் விழுந்த ஒரு தகப்பன் கதை. கிருபாகரன் நூறு தடவை மொழிபெயர்த்த கதை அது. தகப்பன் பேசுகிற இடம் வந்தது. இவர் வாயைத் திறந்தார்.

"தாயீ, எம் மகளப் பாம்பு கடிச்சிருச்சு தாயீ! கெணத்து மேட்டுல கெடக்கா..."

பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். அப்புறம் சிரிப்பு ஒவ்வொன்றாக நின்றது. முன்வரிசையில் ஒரு சின்னப் பெண் அழ ஆரம்பித்தாள். கிருபாகரன் கைக்குட்டையால் வாயை அழுத்தித் துடைத்துக்கொண்டார்.  டோரதி அம்மா ஒன்றும் தெரியாமல் அடுத்த படத்தை எடுத்து ஒட்டினார்.

12.20. வகுப்பு முடிந்தது. பிஸ்கட் கொடுத்தார்கள். டோரதி அம்மா சாப்பாட்டுக்குக் கிளம்பி ஜீப் பக்கம் போனார். கிருபாகரன் படங்களை அடுக்கிக்கொண்டிருந்தார்.

12.28. ஒரு பெண்பிள்ளை வந்து நின்றது. சிவப்புப் பாவாடை. ஏழு வயது இருக்கும். தலைமுடி நனைந்து நெற்றியில் ஒட்டியிருந்தது, யாருடைய ஈரத் தோளிலோ சாய்ந்திருந்ததுபோல.

"சார், ஒங்க பொண்ணப் பாம்பு கடிச்சிருச்சு. கெணத்து மேட்டுல கெடக்கா."

திரும்பினார். பாக்கியமேரி உட்கார்ந்திருந்த இடம் காலி.

ஜீப் உறுமுகிற சத்தம் கேட்டது.

ஓடினார்.

டோரதி அம்மாவின் கையைப் பிடித்தார். என் மகளைப் பாம்பு கடித்துவிட்டது... சொல்ல வாயைத் திறந்தார்.

"இந்த அம்மாவுக்கு ரொம்ப சந்தோஷம். ஆனந்தக் கண்ணீர். உங்கள் ஆசீர்வாதம் வேண்டுமாம்."

அவர் குரல்தான். அவர் இங்கிலீஷ்தான்.

அவர் அதைச் சொல்லவில்லை.

மறுபடியும் திறந்தார். மறுபடியும் அதே வார்த்தைகள். ஒரு எழுத்து மாறவில்லை.

அழுதார். கிணற்று மேட்டுப் பக்கம் கையைக் காட்டினார். டோரதி அம்மா முகம் மலர்ந்து சிரித்தார். அவரைப் பார்த்து அல்ல. அவருக்கு இடது பக்கம்... அரை அடி தள்ளி.

அங்கே யாரும் இல்லை.

டோரதி அம்மா கையை நீட்டினார். ஒரு பெண்ணின் தலை இருக்கும் உயரத்தில் வைத்தார். கண்ணை மூடி ஜெபித்தார்.

லாசர் கண்ணாடியில் பார்த்தார். அந்தக் கைக்குக் கீழே வெறும் வெயில். விரல் நுனியிலிருந்து தண்ணீர் சொட்டியது.

சொட்... சொட்...

கிருபாகரன் லாசரின் தோளைப் பிடித்து உலுக்கினார். தமிழிலாவது...

"வண்டிய எடுப்பா. நேரமாகுது."

லாசர் பயத்தில் கியரைப் போட்டார்.

12.32.

கிணற்று மேட்டுக்கு ஓடினார். அங்கே ஒரு செருப்புதான் கிடந்தது. பாக்கியமேரியுடையது.

"பாக்கியம்!" என்று கத்தினார். இப்போது குரல் வந்தது, ஜீப் போன பிறகு. பக்கத்து வயலிலிருந்து தவசி என்கிற விவசாயி ஓடிவந்தார். அது அவருடைய கிணறு. ஊர்க்காரர்கள் இரண்டு பேர் இறங்கி முங்கித் தேடினார்கள். ஒன்றும் இல்லை. சிவப்புப் பாவாடைப் பிள்ளை எங்கே என்று கேட்டதற்கு, அப்படி ஒருத்தி கொட்டகைக்கு வரவே இல்லை என்று பிள்ளைகள் சொன்னார்கள். யாராவது தூக்கிப்போயிருப்பார்கள், எதற்கும் ஆஸ்பத்திரியில் போய்ப் பார்ப்போம் என்று தவசிதான் அவரை பஸ் ஏற்றிக் கூட்டிப்போனார்.

மதுரை பெரியாஸ்பத்திரி. மாலை 4.20. பிள்ளைகள் வார்டில் மூன்றாவது கட்டிலில் பாக்கியமேரி படுத்திருந்தாள். கணுக்காலில் இரண்டு புள்ளி. உயிர் இருந்தது. கிருபாகரன் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து ஏங்கி ஏங்கி அழுதார்.

"அழாதீங்க சார், பிள்ள பொழச்சிருச்சு" என்றாள் நர்ஸ். "ஒங்க சம்சாரம் பன்னெண்டே முக்காலுக்கெல்லாம் தூக்கிட்டு வந்துட்டாங்க. அதான் தப்பிச்சது. ஆனா அவங்க சேலையெல்லாம் ஒரே ஈரம். தரையத் துடைச்சு மாளல."

கல்லூத்துப்பட்டியிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் பதினெட்டு மைல்.

நர்ஸ் சீட்டை நீட்டினாள். பிள்ளையின் பேர் இருளாயி. தாயின் பேர் மாயக்காள். ஊர் கல்லூத்துப்பட்டி. கிருபாகரனுக்கு அந்தப் பேர்கள் யாருடையவை என்று தெரியவில்லை. அவர் வாசித்ததைக் கேட்ட தவசி சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"மாயக்கா எங்கண்ணன் சம்சாரம் சார். இருளாயி அவ மக, ஏழு வயசு. போன வருசம் ஒங்க வண்டி போனப்பெறகு புள்ளயத் தோள்ல போட்டுக்கிட்டு ரோட்டுக்கு ஓடுனா. எந்த வண்டியும் நிக்கல. புள்ள தோள்லயே போயிருச்சு. எட்டாம் நாள் அவ அந்தக் கெணத்துல விழுந்துட்டா. அந்த எட்டு நாளும் ஒண்ணயேதான் கேட்டுக்கிட்டு இருந்தா. நான் சொன்னத அந்த சார் மிஸ்ஸியம்மாகிட்டச் சொன்னாரா, சொல்லலயான்னு."

தவசி அவர் முகத்தைப் பார்த்தார்.

"சொன்னீகளா சார்?"

கிருபாகரன் பதில் சொல்லவில்லை. இந்தத் தடவை அவர் வாயை யாரும் கட்டவில்லை.

மூன்றாம் நாள் பாக்கியமேரி வீட்டுக்கு வந்தாள். காயம் ஆறிவிட்டது. ஆனால் அவரை அப்பா என்று கூப்பிடவில்லை, 'சார்' என்றாள். அவர் பிசைந்து கொடுத்த சோற்றைத் தொடவில்லை. பசுமலையில் பிறந்து வளர்ந்த பிள்ளை, கல்லூத்துப்பட்டிப் பேச்சுப் பேசினாள். பயந்திருக்கிறாள், போகப் போகச் சரியாகிவிடும் என்றார் டாக்டர். கிருபாகரன் அதை நம்பினார். வேறு எதை நம்புவார், பாவம்.

ஜூலை 6. அமெரிக்காவுக்குப் பெட்டி பாதி கட்டியிருந்தது. தபாலில் டோரதி அம்மாவின் கடிதம் வந்தது. ஜன்னல் ஓரமாக நின்று வாசித்தார். ஊர் போய்ச் சேர்ந்த செய்தி, பிள்ளைகளுக்கு அன்பு, கடைசியில் நாலு வரி.

'அந்தத் தாயை மறுபடியும் பார்த்தது என் பாக்கியம். ரொம்ப இளைத்துவிட்டாள். அவ்வளவு வெயிலில் அவள் சேலை ஏன் நனைந்திருந்தது? ஜீப் கிளம்பும்போது உங்களைப் பார்த்து ஏதோ சொன்னாளே, நீங்கள் எனக்கு மொழிபெயர்க்கவில்லை. அந்த அம்மா என்ன சொன்னாள்?'

நிமிர்ந்தார். சுவர்க் கடிகாரத்தில் மணி 12.32.

"நான் சொல்லவா சார்?"

முதுகுக்குப் பின்னால் பாக்கியமேரி நின்றாள். இரண்டாம் வகுப்புப் பிள்ளை. ஏ, பி, சி, டிக்கு மேல் தெரியாது. கடிதத்தைப் பார்க்கவும் இல்லை, அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். குரல், கொட்டகைக்குப் பின்னால் கேட்ட அதே பெண் குரல்.

"ஒம் மகள நான் எடுத்துக்கிட்டேன்னு சொன்னேன்."