சாப்பாட்டுக்குப் பிறகு

அந்த ஆஸ்பத்திரி மருந்தகத்துக்குக் கல்லூரி ஒரே நாளில் ஏழு மாணவர்களைப் பயிற்சிக்கு அனுப்பியது. கூடவே, அவர்களை நன்றாகப் பயன்படுத்திக்கொள்ளுங்கள் என்று ஒரு வேண்டுகோள். தலைமை மருந்தாளுநர் எதையும் வீணாக்காத மனிதர். காலி மாத்திரைப் பெட்டியில்தான் மத்தியானச் சாப்பாடு கொண்டுவருவார். ஏழு பேரையும் கவுன்டருக்குப் பின்னால் வரிசையாக நிறுத்தி, ஆளுக்கொரு வேலை கொடுத்தார். சீட்டு வாங்க ஒருவன், மாத்திரை எடுக்க ஒருத்தி, அட்டையை வெட்ட ஒருவன், கவரில் போட ஒருத்தி, எத்தனை வேளை என்று கவரில் எழுதிச் சொல்ல ஒருவன், 'சாப்பாட்டுக்கு முன்' என்று சொல்ல ஒருவன், 'சாப்பாட்டுக்குப் பிறகு' என்று சொல்ல ஒருத்தி. ஒருத்தர் வேலையில் இன்னொருத்தர் மூக்கை நுழைக்கக் கூடாது.

கடைசியில் நின்றவளுக்குப் 'பிறகு' என்றே பெயர் விழுந்துவிட்டது. குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் அவள். பெயின்டர் வேலை பார்க்கும் அப்பா, இன்றைக்கு என்ன செய்தாய் என்று ஆசையாகக் கேட்டார். சொன்னாள்.

"இத உங்கம்மா படிக்காமலே சொல்றாளே. எதக் கேட்டாலும் சாப்பாட்டுக்கு அப்புறம் பேசிக்கலாம்பா."

"நான் சொல்லி யாரு கேட்டா? அவ சொன்னா ஊரே கேக்குது" என்றாள் அம்மா.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. இத்தனை வருடம் படித்தது இந்த இரண்டு வார்த்தைக்குத்தானா என்று குடைந்துகொண்டே இருந்தது.

இதற்கிடையில் 'எத்தனை வேளை' பையன் காய்ச்சலில் படுத்துவிட்டான். சட்டப்படி அவன் வேலையை யாரும் தொடவில்லை. நோயாளிகள் அந்தக் காலி இடத்தைக் கடந்து அடுத்தவரிடம் போனார்கள்.

அப்படிக் கடந்துபோன ஒருவர் விடுதிச் சமையல்காரர். மூட்டுவலிக்கு ஒரு மாத மாத்திரை வாங்கிப்போனவர், அடுத்த வாரமே முகம் வெளுத்துத் திரும்பி வந்தார். மாத்திரை தீர்ந்துவிட்டதாம். ஏன் என்று கேட்கும் வேலை யாருக்கும் கொடுக்கப்படவில்லை. எடுத்தார்கள், வெட்டினார்கள், கவரில் போட்டார்கள். அவளும் தன் வார்த்தையைச் சொன்னாள்.

"அப்படித்தாம்மா போடறேன். சமையக்காரன் வாய் சும்மா இருக்குமா? உப்பு பாத்தா ஒண்ணு, பன்னு தின்னா ஒண்ணு. இப்ப வயிறு எரியுதுன்னு அடிக்கடி சாப்பிடறேன். சாப்பிட்டா போடணுமே."

அவள் பேச்சை ஒருவர் அட்சரம் பிசகாமல் கேட்டிருக்கிறார். வலி மாத்திரை அதிகமானால் வயிற்றில் ரத்தம் கசியும், கசிந்தால் எப்படித் தெரியும் என்பதும் அவள் படித்ததுதான்.

"ஐயா, வெளிக்குப் போறது கறுப்பா போகுதா?"

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். "தார் மாதிரி. இதையெல்லாம் கவுன்டர்ல சொல்லலாமா?"

அவர் கையிலிருந்த கவரைப் பிடுங்கிக்கொண்டு, அவரைத் தோளில் சாய்த்து அவசரப் பிரிவுக்கு அழைத்துப்போனாள். உடனே படுக்கவைத்தார்கள். இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் ஆளைப் பார்த்திருக்க முடியாது என்றார் டாக்டர்.

திரும்பி வந்தால் மருந்தகம் ஸ்தம்பித்து நின்றது. கவர் கையில் இருந்தும் யாரும் வீட்டுக்குப் போகவில்லை. அவள் வந்து சொல்லாமல் எப்படிப் போவது? 'முன்' சொல்லும் பையன், அவள் வார்த்தையைத் தான் சொன்னால் சட்டம் மீறிப்போகுமே என்று வாயைத் திறக்கவும் பயந்து வியர்த்துக்கொண்டிருந்தான்.

"எங்க போன? சீக்கிரம் சொல்லு" என்றார் மருந்தாளுநர் சார்.

அவள் நடந்ததைச் சொன்னாள். சார் காலி இடத்தைப் பார்த்தார்.

"யாரு கேட்டிருக்கணும்?" என்று மெல்லக் கேட்டார்.

"நான் கேக்கறேன் சார். ஆனா நேரமாகும்."

அவர் வரிசையைக் கை காட்டினார். முன்னால் நின்ற அம்மாளிடம், ஒரு நாளில் எப்போதெல்லாம் சாப்பிடுவீர்கள் என்று கேட்டாள். அந்த அம்மாள் கூடையை இறக்கி வைத்துவிட்டு, மருமகள் எழுந்திருக்கும் நேரத்திலிருந்து ஆரம்பித்தார். வரிசை தெருவரைக்கும் நீண்டது. மருமகள் இன்னும் பல் தேய்த்து முடிக்கவில்லை.

சார் பெருமூச்சு விட்டு, அட்டை வெட்டும் பையனிடமிருந்து கத்தரிக்கோலை வாங்கினார்.

"நீயும் போய் ஒருத்தரக் கேளு" என்று அவனை அனுப்பிவிட்டு, தாமே வெட்டத் தொடங்கினார்.