திரும்ப மறுத்த கல்யாண வேன்

அறுபதுகளின் நடுவில், பம்பாய் தாராவியில் ஒரு தோல் வியாபாரியிடம் டிரைவராக இருந்தேன். ராணுவம் கழித்துப் போட்ட பழைய வேன் ஒன்றை முதலாளி ஏலத்தில் எடுத்திருந்தார். நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி. கியர் தடிக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு குட்டைத் தடிகள் இருந்தன. ஒன்று முன்சக்கரங்களுக்கு. மற்றதை 'டிஃப்ரன்ஷியல் லாக்' என்றார்கள், பின்சக்கரங்களைச் சேர்த்துக் கட்டுகிற பூட்டு. சேற்றில் ஒரு பின்சக்கரம் சும்மா சுழன்றால் அதை இழுக்க வேண்டும், இரண்டும் சேர்ந்து சுழலும் என்ற அளவில்தான் எனக்குத் தெரியும்.

அந்த வருஷம் ஆனி மாதம் மழை விடாமல் பிடித்துக்கொண்டது. பின்வீட்டுப் பெண்ணுக்கு மாட்டுங்கா கோவிலில் கல்யாணம். முழங்கால் தண்ணீரில் எந்த டாக்ஸியும் உள்ளே வரவில்லை. பெண்ணின் அப்பா முதலாளியிடம் வந்து நின்றார். தோல் நாற்றம் போக வேனைக் கழுவி, பாய் விரித்து, பெண்ணையும் உறவுக்காரர்களையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன்.

சந்து முனையிலேயே வண்டி சேற்றில் இறங்கிவிட்டது. அந்த லாக் தடியை இழுத்தேன். குட்டையிலிருந்து எருமை எழுவது போல மெல்ல ஏறி வந்தது. தார் ரோடு வந்ததும் தடியைப் பழைய இடத்துக்குத் தள்ளினேன். சுலபமாகப் போய் உட்கார்ந்தது. நிம்மதியாக ஓட்டினேன்.

கிங்ஸ் சர்க்கிள் வளைவில் ஸ்டியரிங்கை ஒடித்தேன். வண்டி நேராகப் போனது.

பெண்ணின் அப்பா என் பக்கத்தில் இருந்தார். "ஏ தம்பி, ஒடிச்சுத் திருப்புப்பா."

"ஒடிச்சுதான் மாமா பிடிச்சிருக்கேன். திரும்ப மாட்டேங்கு."

ஸ்டியரிங் உடைந்துவிட்டதா, டயர் போய்விட்டதா, எனக்குத்தான் மூளை குழம்பிவிட்டதா, ஒன்றும் புரியவில்லை. எதிரே பூக்கடை. பிரேக்கை ஏறி மிதித்தேன். ஈர ரோட்டில் வழுக்கிப் போய், பூக்காரம்மா எழுந்து ஓடிய இடத்தில், அவள் கூடையை முட்டிக்கொண்டு வண்டி நின்றது.

மறுபடி கிளப்பினேன். துள்ளிவிட்டு அணைந்தது. தடிகளை மாற்றி மாற்றி ஆட்டினேன். எதைத் தொட்டாலும் பயமாக இருந்தது. பின்னால் பஸ்கள் ஹாரன் அடித்தன. போலீஸ்காரர் ஓடி வந்து, வண்டியைப் பின்னால் எடுக்கச் சொல்லி, "காடி பீச்சே லேவ்" என்று கத்தினார். பின்னால் தள்ள எல்லோரும் இறங்கினார்கள். மணப்பெண்ணும் இறங்கினாள்.

"நீ இறங்கப்படாது, உள்ள இரு" என்றாள் அவள் அத்தை.

"முகூர்த்தம் போயிட்டுன்னா, இந்தச் சேலை நனையாம இருந்து என்ன செய்ய அத்தை?" என்று சொல்லிவிட்டு, தள்ள வந்த பூக்காரம்மாவுக்குப் பக்கத்தில் நின்று அவளும் கைகொடுத்தாள்.

வண்டி கொஞ்சம் பின்னால் உருண்டதும் அடியில் 'ணங்' என்று ஒரு சத்தம். என்னவோ உடைந்தது என்றுதான் நினைத்தேன். ஸ்டியரிங்கைப் பிடித்து மெதுவாகக் கிளப்பினால், வண்டி ஒன்றுமே நடக்காதது போலத் திரும்பியது. சந்தோஷப்படத் தோன்றவில்லை. கோவில் வரும்வரை ஒவ்வொரு வளைவிலும் வண்டியை ஊர விட்டுத்தான் திருப்பினேன். முகூர்த்தம் முடிய இருந்த நேரத்தில், ஈரச் சேலையோடு அவள் கழுத்தில் தாலி ஏறியது.

பிறகு ஒரு மெக்கானிக்கும் நானும் பின் அச்சைப் பிரித்துப் பார்த்தோம். வளைவில் வெளிச்சக்கரம் அதிகம் ஓட வேண்டும். பின் அச்சில் பூட்டு விழுந்திருந்தால் அதை ஓட விடாது, வண்டியை நேராகவே தள்ளும். தடி மட்டும்தான் அன்று என் கையோடு வந்திருக்கிறது. உள்ளே பல்லும் பல்லும் இறுகிப் பிடித்துக்கொண்டிருந்திருக்கின்றன. பின்னால் உருண்டபோது இறுக்கம் தளர்ந்து விலகியிருக்கின்றன. பூட்டு உண்மையில் விலகினால்தான் அணைகிற மாதிரி, பூட்டை நகர்த்துகிற உள்கம்பியிலிருந்து வயர் இழுத்து டாஷ்போர்டில் ஒரு சிவப்பு பல்பு வைத்தோம்.

வண்டி விஷயம் அப்படித் தெளிந்துவிட்டது. ஆனால் கல்யாணத்துக்குக் கிளம்பிய அத்தனை பேரை நடுரோட்டில் மழையில் இறக்கிவிட்ட என்னை, அன்று ஒருவர்கூட ஒரு சொல் சொல்லவில்லை. முதல் பந்தியிலேயே கையைப் பிடித்து உட்கார வைத்தார்கள். யார் மேலாவது எனக்குக் கோபம் வரும்போதெல்லாம், அந்த இலைக்கு முன்னால் கூச்சத்தில் சாப்பிட முடியாமல் நான் உட்கார்ந்திருந்ததுதான் இன்றைக்கும் நினைவுக்கு வருகிறது.