இறங்கிய கோடு

ஓர் அறிக்கையைப் படிக்காமலேயே ஒரு தொழிற்சாலையை மூடச் சொன்னேன். பழியை, அதை எழுதிய பெண்ணின் மேல் போட்டேன். இதுதான் விஷயம். இனி என்னை நீங்கள் என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளலாம்.

சாத்தூரில் ஆறாம் வகுப்போடு நின்றவன் நான். துறைமுகத்தில் வேலை பார்த்த மாமாவோடு கல்கத்தா வந்து, கடை கடையாகச் சரக்குப் போட்டேன். எந்தக் கடை ஓடும், எது படுக்கும் என்று வாசலில் நின்றே சொல்வேன். சொன்னால் தப்பாது! முதலாளிகள் என்னைத் தேடி வந்தார்கள். இன்று ஒரு வியாபார ஆலோசனைக் கம்பெனிக்குத் தலைவர். டாலிகஞ்சில் இரண்டு மாடி ஆபீஸ். எம்.பி.ஏ. படித்த பிள்ளைகள் நான் நுழைந்தால் எழுந்து நிற்கிறார்கள்.

ஆறாம் வகுப்பு என்பதை மேடையிலேயே சொல்வேன், கைதட்டுவார்கள். ஆனால் காதால் கேட்டுக் கேட்டே இங்கிலீஷ் பேசப் பழகிய எனக்கு, அதைப் படிக்கத் தெரியாது என்பதை... மனைவியிடம்கூடச் சொன்னதில்லை.

அதற்கு ஒரு வழி வைத்திருந்தேன். எவ்வளவு தடிமனான அறிக்கையானாலும், எழுதியவர் என் முன்னால் வந்து ஒரே வரியில் சொல்ல வேண்டும். அந்த வரியை நான் முதலாளியிடம் சொல்வேன். அதைத்தான் தலைமைப் பண்பு என்று புகழ்ந்தார்கள்!

அன்று மின்விசிறித் தொழிற்சாலை முதலாளி சொல்லாமல் கொள்ளாமல் ஒரு நாள் முன்னதாகவே வந்துவிட்டார். அறிக்கை எழுதிய வங்காளிப் பெண் ஷர்மிளா காய்ச்சலோடு ஜாதவ்பூரில், வீட்டில் கிடந்தாள். போன் செய்திருக்கலாம். அவர் முன்னாலா?

தாளைப் புரட்டினேன். ஒரு படம். அதில் ஒரு கோடு மேலிருந்து கீழே சரிந்துகொண்டே போயிற்று. விற்பனை விழுகிறது என்று எடுத்துக்கொண்டேன்.

"மூடிடுங்க" என்றேன். என் வாக்கை நம்பி, அவர் அறிக்கையைத் திறக்கவே இல்லை.

மூன்றாம் நாள் ஷர்மிளா ஓடி வந்தாள். "சார், அது நஷ்டக் கோடு. நஷ்டம் குறையுதுன்னுதானே எழுதியிருந்தேன்?"

கதவில் பூட்டு விழ இன்னும் இரண்டு வாரம் இருந்தது. ஒரு போன் போதும். ஆனால், எப்படித் தவறினீர்கள் என்று முதலாளி கேட்டால்? போனை எடுக்கவே இல்லை... பிறகு விவரம் தெரிந்து அவர் கொதித்து வந்தபோது, படமே குழப்பமாக இருந்தது என்று அவளைக் கைகாட்டினேன். அவள் வேலை போயிற்று. அங்கே விசிறி செய்த அத்தனை பேருக்கும் அதற்கு முன்பே போயிருந்தது.

போன துர்கா பூஜை முடிந்த வாரம், கரியாஹாட் புடவைக் கடைகளுக்கு நடுவே அவளைப் பார்த்தேன். இப்போது டியூஷன் எடுக்கிறாளாம். இந்த ஊர் வழக்கப்படி, பூஜை முடிந்து முதல்முறை பார்க்கும் பெரியவர் என்று குனிந்து என் காலைத் தொட்டாள்.

"கோட்டுக்குப் பக்கத்துல இன்னும் பெரிசா எழுதியிருக்கணும் சார்" என்றாள் மெதுவாக. "என்னால உங்களுக்குக் கெட்ட பேரு."

அப்போதாவது சொல்லியிருக்க வேண்டாமா? வாய் திறந்தது. என்ன வந்தது தெரியுமா?

"இனிமேலாவது கவனமா இரும்மா."

சரி என்று தலையாட்டிவிட்டுப் போனாள்.

இதைத் தமிழில் எழுதுகிறேன். எனக்கு எழுதத் தெரிந்தது இது ஒன்றுதான் என்பது பாதி உண்மை. மீதி... அவளுக்குத் தமிழ் தெரியாது.