தலைமாட்டுப் பலகை

விவாகரத்துத் தீர்ப்பு வந்த மறுவாரம் என் கட்டிலை எடுத்து வர நானும் அண்ணனும் சிதம்பரம் போனோம். கடலூரில் ஒரு குட்டி யானை வண்டியை வாடகைக்குப் பிடித்து அண்ணனே ஓட்டினார். புதுச்சத்திரத்தில் நிறுத்தி டீ குடித்தோம். டீ நன்றாக இருக்கிறது என்று நான் சொன்னதும் அண்ணன் என்னை ஒரு மாதிரி பார்த்தார். வழியெல்லாம் அழுதுகொண்டு வருவேன், சமாதானம் சொல்ல வேண்டும் என்று தயாராக வந்திருப்பார் போலிருக்கிறது. பாவம், அவருக்கு வேலையே வைக்கவில்லை.

அழுகை வரவில்லை என்பதுதான் உண்மை. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னம் இருக்குமே, அப்படி இருந்தேன். தொட்டால் தொடுவது தெரியும், கிள்ளினால் வலி தெரியாது. கோர்ட்டுக்குப் போன நாட்களிலும் அப்படித்தான். அந்த மரப்பு எப்போது பிடித்தது என்று எனக்கே சொல்லத் தெரியாது.

சீராகக் கொடுத்த பீரோ, பாத்திரம், மிக்ஸி எதுவும் வேண்டாம் என்று அம்மா சொல்லிவிட்டாள். கட்டிலில் மட்டும் பிடிவாதமாக இருந்தாள்.

"நாளைக்கு எவளாவது வந்து அதுல படுப்பா. நீ கண்ணு முழிச்சுப் பண்ணது. அத மட்டும் உட்டுட்டு வராத."

அந்தக் கட்டில் நாங்கள் செய்தது. மஞ்சக்குப்பத்தில் அண்ணனுக்கு மரப்பட்டறை இருக்கிறது. கால், சட்டம், பலகை எல்லாம் அவர் வேலை, மேலே வருகிற அலங்காரம் என் வேலை. பி.காம். முடித்துவிட்டு ரசீது போட உட்கார்ந்தவள், சும்மா இருக்க முடியாமல் உளியை எடுத்துவிட்டேன். தேக்குப் பலகையில் கொடி வரைந்து, கோட்டுக்கு உள்ளே மெல்லிய உளியால் பள்ளம் எடுப்பேன். அதே வடிவத்தில் நறுக்கிய மஞ்சள் பலாத் துண்டுகளையும் கறுத்த நூக்கு மரத் துண்டுகளையும் பசை தடவி அதில் பதிப்பேன். காய்ந்ததும் உடைந்த கண்ணாடிச் சில்லால் சுரண்டி மட்டமாக்க வேண்டும். பலகையின் ஓரம் முழுக்க நூக்கில் பீடிங் என்கிற மெல்லிய உருட்டுப் பட்டை ஓடும். பழைய ஹாக்ஸா பிளேடின் நுனியை அரத்தால் அரை வட்டமாக ராவி, ஒரு கட்டையில் செருகி, அதை மரத்தின் மேல் இழுத்து இழுத்து அந்த உருட்டை எடுப்பேன். மிஷினில் சட்டென்று முடிகிற வேலைதான். ஆனால் வளைவு வந்தால் மிஷின் மக்கர் பண்ணும், என் பிளேடு பண்ணாது.

எந்தச் சாமானும் பட்டறையை விட்டுப் போகுமுன் கண்ணை மூடிக்கொண்டு ஓரம் முழுக்க விரலை ஓட்டிப் பார்க்க வேண்டும். துண்டு ஏறியிருந்தாலும் இறங்கியிருந்தாலும் கண்ணுக்குத் தப்பும், விரலுக்குத் தப்பாது. ஓட்டி முடித்து, "விரல் நிக்கல" என்று அண்ணன் சொன்னால் அதுதான் பாராட்டு. அவருக்கு வேறு பாராட்டு தெரியாது. அண்ணியின் சாம்பாருக்கும் அதையேதான் சொல்வார்.

எங்களுக்கு இன்னொரு வழக்கமும் உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் எங்கள் பக்கம் மழை பிடித்தால் சுவரே வியர்க்கும். அப்போது மரம் ஊதும், தை மாத வெயிலில் சுருங்கும். பதித்த துண்டு பெயர்வதென்றால் அப்போதுதான் பெயரும். அதனால் முதல் மழைக்காலம் முடிந்ததும் சாமான் வாங்கியவர்களின் வீடு தேடிப் போய் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு வருவேன். பெண்ணாடம் வரைக்கும் பஸ் ஏறிப் போயிருக்கிறேன். லால்பேட்டையில் ஒரு வீட்டில், "வாங்க, அலமாரிக்கு டாக்டரம்மா வந்துட்டாங்க" என்று கேலி செய்து, பிரியாணி சாப்பிட வைத்துத்தான் அனுப்புவார்கள்.

சிதம்பரத்தில் என் சொந்தக் கட்டிலுக்கு மட்டும் நான் டாக்டர் வேலை பார்த்ததில்லை. நம் வீட்டில்தானே இருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று விட்டுவிட்டேன்.

என் கணவராக இருந்தவரைக் குறை சொல்வது கஷ்டம். இன்சூரன்ஸ் ஆபீஸ் வேலை, குடி கிடையாது, குரல் உயர்த்திப் பேசமாட்டார். தினமும் காலையில் ஜன்னலோரம் உட்கார்ந்து ஷூவுக்குப் பாலிஷ் போடுவார். அந்த ஷூவைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார் பாருங்கள், அதில் பாதிப் பார்வை என் பக்கம் வந்திருந்தால் போதும். நான் காலையில் பஸ் ஏறிக் கடலூர் வந்துவிட்டு இரவு திரும்புவேன். வேலை ஜாஸ்தியானால் அம்மா வீட்டிலேயே தங்கிவிடுவேன். என்ன செய்தாய், யாருக்குச் செய்தாய் என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. நானாகச் சொன்னால் "ம்" என்பார். பிறகு சொல்வதை நிறுத்தினேன். அதன் பிறகு எங்களுக்குள் கேஸ் சிலிண்டர், கரண்ட் பில் இரண்டும்தான் பேச்சாக இருந்தன. கடைசியில் அதற்கும் போனில் மெசேஜ் வந்துவிடுகிற காலமாகிவிட்டது. சண்டை ஒன்றும் நடக்கவில்லை. சண்டை போடக்கூட ஒருவரையொருவர் பார்க்க வேண்டுமே.

கோர்ட்டில் கவுன்சலிங் என்று எங்களை உட்கார வைத்த அதிகாரி அம்மா என்னிடம், "அவருகிட்ட என்னம்மா குறை?" என்று கேட்டார்.

"அவரு கண்ணுக்கு எதுவும் தெரியாது மேடம். நான் என்ன செஞ்சாலும் தெரியாது."

அவரிடமும் கேட்டார். "அவங்க மேல குறை ஒண்ணும் இல்ல மேடம்" என்றார். அதற்கும் எனக்குக் கோபம் வரவில்லை. ஒரே ஒரு விஷயம் மட்டும் தெரிய வேண்டியிருந்தது. இத்தனை வருஷத்தில் அந்த மனிதர் என்னை ஒருதடவையாவது பார்த்தாரா, இல்லையா? இல்லை என்றால் இல்லை என்று தெரிந்தால் போதும், ஆணியடித்த மாதிரி முடிந்துவிடும். ஆனால் அதை யாரிடம் போய்க் கேட்பது?

சிதம்பரத்தில் வீடு மாடியில் இருந்தது. "நான் அந்தப் படி ஏற மாட்டேன்" என்று சொல்லிவிட்டு அண்ணன் வண்டியிலேயே உட்கார்ந்துகொண்டார். என்னால் தனியாகத் தூக்க முடியாது என்று ரோஷத்தில் அவருக்குத் தோன்றவில்லை. நான் மட்டும் சுத்தியலோடு மேலே போனேன். அத்தை காபி கொடுத்தார்கள், குடித்தேன். அந்தக் கட்டிலில் ஸ்க்ரூ கிடையாது, எல்லாம் ஆப்பு வைத்த பூட்டு. எந்த ஆப்பை எந்தப் பக்கம் தட்ட வேண்டும் என்று எனக்குத்தான் தெரியும். தட்டிக் கழற்றினேன். கால்களையும் சட்டங்களையும் என் கணவராக இருந்தவர் ஒவ்வொன்றாகக் கீழே கொண்டுபோய் வைத்தார். கடைசியில் தலைமாட்டுப் பலகை இருந்தது. அதை இரண்டு பேர்தான் தூக்க முடியும்.

அவர் ஒரு முனை, நான் ஒரு முனை. படிக்கட்டு குறுகல்.

"ஒன் பக்கம் கொஞ்சம் ஒசத்து."

"ஒசத்திட்டேன். நீங்க திருப்புங்க."

"இரு இரு. சொவத்துல இடிக்கும்."

"மெதுவா வாங்க."

"வரேன்."

நடுத் திருப்பத்தில் சுவருக்கும் பலகை ஓரத்துக்கும் நடுவே அவர் தன் கையைக் கொடுத்து நகர்த்தினார். அவருடைய விரல் மூட்டு உரசித் தோல் போனது. அதை ஒரு தகவலாகப் பார்த்துக்கொண்டேன், அவ்வளவுதான். பல வருஷத்தில் நாங்கள் அவ்வளவு நேரம் முகம் பார்த்துப் பேசியது அந்தப் படிக்கட்டில்தான். கீழே வந்ததும் அண்ணனிடம், "ஓரத்துல துணி வச்சுக் கட்டுங்க மச்சான்" என்றார். அண்ணன் அவர் பக்கம் திரும்பாமல் கயிற்றை இழுத்தார். ஆனால் துணி வைத்துத்தான் கட்டினார்.

கட்டில் பட்டறை மூலையில் கிடந்தது. அம்மா சண்டை போட்டு வரவழைத்தாளே தவிர, வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது என்றும் சொல்லிவிட்டாள். பெண்ணாடத்திலிருந்து ஒரு கல்யாணத்துக்கு அலமாரி ஆர்டர் வந்தபோது அண்ணன் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"பாப்பா, அந்தப் பலகைய நடுவுல அறுத்தா ரெண்டு கதவு வரும். ஓரத்துல மட்டும் புது பீடிங் ஓட்டிட்டாப் போதும். நல்லாக் காஞ்ச தேக்கு. ஒனக்கு மனசு இல்லன்னா வேணாம்."

"அறுத்துடலாம்ண்ணே. அதுல என்ன இருக்கு?" என்றேன். உண்மையிலேயே எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

மறுநாள் மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து பலகையை மேசைமேல் படுக்க வைத்தேன். மூலைமட்டம் வைத்து, கொடியின் நடுவே பென்சிலால் கோடு இழுத்தேன். பழைய பீடிங்கைப் பெயர்ப்பதற்கு முன் பசை எங்கே விட்டிருக்கிறது என்று தெரிய வேண்டும். வழக்கம்போலக் கண்ணை மூடிக்கொண்டு விரலை ஓட்டினேன். மேல் ஓரம், வளைவு, பக்கவாட்டு எல்லாம் சரியாக இருந்தன. நான் தலை வைத்துப் படுத்த பக்கத்தில், தலையணை உயரத்துக்குச் சற்று மேலே, விரல் நின்றது.

கண்ணைத் திறந்து பார்த்தேன். ஒரு விரல் நீளத்துக்கு பீடிங் என்னுடையது இல்லை. நூக்கும் இல்லை. ஜன்னல் பக்கம் திருப்பி வைத்துப் பார்த்தேன். ஐஸ்கிரீம் குச்சி. நெடுக்காகப் பிளந்து, இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, உப்புத்தாளிலோ எதிலோ தேய்த்து, விளிம்பை என் உருட்டு மாதிரியே உருட்டப் பார்த்திருந்தார்கள். முழுசாக வரவில்லை, ஒரு முனை மேடாக இருந்தது. கறுப்பு நிறம் எதனால் வந்தது என்று புரியாமல் குனிந்து முகர்ந்தேன். ஷூ பாலிஷ் வாசனை இன்னும் லேசாக இருந்தது.

என்னையும் அறியாமல் அவருக்குப் போன் செய்துவிட்டேன். எடுத்ததும், "சொல்லு" என்றார்.

"தலமாட்டுப் பலகையில பீடிங் ஒரு எடத்துல மாறியிருக்கு."

"இப்பதான் பாத்தியா?" என்றார்.

"ஆமா. இது எப்ப போச்சு?"

"கல்யாணமாகி மொத மழயில. நீ கடலூர்லயே தங்கி வேல பாத்துட்டிருந்த. தானா பேந்து வுழுந்துது. அம்மா குப்பைன்னு நெனச்சுப் பெருக்கித் தள்ளிட்டாங்க."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"மழ வுட்டதும் நீ எல்லா வூட்டுக்கும் போயி தடவிப் பாப்ப இல்ல? நம்ம வூட்டுலயும் பாப்பன்னு நெனச்சேன். பாத்துட்டு சிரிப்பன்னு நெனச்சேன். அதான் அவசரமாப் பண்ணி ஒட்டி வச்சேன்."

"நான் பாக்கல."

"ம். நீ பாக்கல."

அவர் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. மழை பெய்யவில்லை என்று சொல்வதுபோலச் சொன்னார். அந்தப் பக்கம் ஆபீசில் யாரோ அவரைக் கூப்பிட்டார்கள், "இதோ வரேன் சார்" என்றார். வைத்துவிடுவார் என்று நினைத்தேன். வைக்கவில்லை.

"வேல எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

"எந்த வேல?"

"அதான், நான் ஒட்டுனது."

"விரல் நிக்கல" என்றேன்.

அந்த வார்த்தையை நான் அவரிடம் எப்போது சொன்னேன் என்று நினைவில்லை. அவர் "ம்" மட்டும் சொன்ன ஏதோ ஒரு நாளில் சொல்லியிருப்பேன். அதற்கு என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

"நெசமாவா?" என்றார். குரலில் சந்தோஷம் தெரிந்தது. "சரி, வச்சிடறேன்."

நான் சொன்னது பொய். பேசி முடிக்கிற வரைக்கும் என் விரல் அந்த மேட்டின் மேல்தான் நின்றுகொண்டிருந்தது. அதை எடுக்க முடியவில்லை. ஊசியின் மரப்பு விட்டுப்போனால் பல் இருந்த இடம் வலிக்கத் தொடங்குமே, அப்படி நெஞ்சில் வலி எடுத்தது. எனக்குத் தாங்கவில்லை.

அண்ணன் ரம்பத்தோடு உள்ளே வந்தார். "கோடு போட்டுட்டியா பாப்பா?" என்று கேட்டார்.

போட்டிருந்தேன். உப்புத்தாளை எடுத்து அந்தப் பென்சில் கோட்டை ஒரு முனையிலிருந்து தேய்த்து அழிக்க ஆரம்பித்தேன். பாதிக் கோட்டில் அழுகை வந்துவிட்டது. அண்ணன் ரம்பத்தைச் சுவரில் மாட்டினார்.