ஏப்ரல் இருபது

அவரைக் காலண்டர் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். ஆப்பிள் தோட்டக்காரர்கள் சங்கத்தில் பூச்சிக் கண்காணிப்பாளர். மருந்து எப்போது அடிப்பது என்று கேட்டால் யோசிக்காமல் தேதி சொல்வார். இருபத்தாறு வருடமாக ஏப்ரல் இருபதில்தான் மரங்களில் பொறி கட்டுவார். உள்ளே ஒட்டும் அட்டை, ஆண் பூச்சிகளை இழுக்கப் பெண் அந்துப்பூச்சியின் வாசனை ஏற்றிய ரப்பர் துண்டு. முதல் பூச்சி ஒட்டிய நாளிலிருந்து முட்டை பொரியும் நாளை எண்ணி மருந்து. புழு காய்க்குள் போய்விட்டால் எந்த மருந்தும் எட்டாது. இந்தக் கணக்கு ஒருமுறையும் தப்பியதில்லை என்பதில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு.

இந்த வருடம் குளிர் வந்தேன் போனேன் என்று ஓடிவிட்டது. ஏப்ரல் முதல் வாரமே, கொட்டகையில் அடுக்கியிருந்த பழப்பெட்டிகள் மேல் பூச்சியைப் பார்த்துவிட்டு மனைவி வந்து சொன்னாள். தகரக் கூரைச் சூட்டில் முன்னாலேயே வந்திருக்கும், தோட்டத்தில் இருக்காது என்றார் காலண்டர்.

"பொறியக் கட்டிப் பாத்தா கையா தேஞ்சிடும்?" என்றாள்.

அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இருபதாம் தேதி கட்டினார். மறுநாளே அட்டையில் நாற்பது பூச்சி. தொடக்கத்தில் இரண்டு மூன்றுக்கு மேல் ஒட்டாது என்பது அவருக்குத் தெரியாததல்ல. நாற்பது என்றால் பறக்க ஆரம்பித்து இரண்டு வாரமாவது ஆகியிருக்கும். ஆனால் அதைச் சொன்னால் இருபத்தாறு வருடப் பெயர் என்னாவது? அன்றுதான் பூச்சி வந்த முதல் நாள் என்று எழுதி, மருந்து நாளையும் அதிலிருந்தே எண்ணிச் சொல்லிவிட்டார். மற்ற தோட்டக்காரர்கள் வெயிலைப் பார்த்துப் பயந்து முன்னாலேயே அடித்துவிட்டார்கள். அவருடைய அக்கா மட்டும் தம்பி சொன்ன நாளுக்காகக் காத்திருந்தாள். கணவனை இழந்தவளுக்கு அந்தத் தோட்டம்தான் எல்லாம்.

ஜூனில் அவர் போனபோது அக்கா மேசையில் காய்களை நறுக்கிக்கொண்டிருந்தாள். பாதிக்கு மேல் உள்ளே புழு. அவள் ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. அட்டையில் நாற்பது ஒட்டியதையும் தான் மறைத்ததையும் சொல்லிவிட்டார்.

அக்கா கத்தியைத் துடைத்து வைத்தாள். வழக்கம்போல் சுவரில் குறித்துக்கொள்ள பென்சிலை எடுத்தாள்.

"மிச்சத்தையாவது காப்பாத்தணும். அடுத்த மருந்து என்னைக்கு?"

அவருக்கு வாயில் ஒரு தேதி வந்தது. விழுங்கிக்கொண்டார்.

"தெரியலக்கா. தினம் வந்து அட்டையப் பாத்துட்டுத்தான் சொல்லணும்."

அக்கா அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"இத ஏப்ரல்ல சொல்றதுக்கு என்னடா?"

பென்சிலை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு அடுத்த காயை எடுத்தாள்.