வெட்டிய காசும் முதல் வரியும்

நாவலுக்கு முதல் வரி கிடைக்காமல் எட்டு வருடம் அலைந்தேன். வெயிலைப் பற்றி ஒன்று, கருவேலங்காட்டைப் பற்றி ஒன்று, காய்ந்த கண்மாயைப் பற்றி நான்கு என்று நோட்டு நிரம்பியது. படிக்க நன்றாகத்தான் இருந்தன. ஒன்றுகூட அடுத்த வரியைக் கூப்பிடவில்லை. அருப்புக்கோட்டையில் மருந்துக்கடையில் மாத்திரை எடுத்துக் கொடுக்கிறவனுக்கு எதற்கு இந்த வேலை என்று மனைவி சிரிப்பாள். உண்மையான முதல் வரி எனக்கு ஆரம்பத்திலிருந்தே தெரியும். அதை எழுதப் பயந்துதான் கண்மாயைச் சுற்றிச் சுற்றி வந்தேன்.

பரளச்சிப் பக்கத்தில் என் சித்தி தனியாக இருக்கிறாள். சித்தப்பா இறந்த பிறகு ஐந்து ஆடுகள்தான் அவளுக்குப் பிழைப்பு. பதினொரு வருடத்துக்கு முன் ஓர் ஐப்பசியில் அவளைப் பார்க்கப் போயிருந்தேன். ஆட்டுக்கொட்டகைக்குள் நின்று போன் பேசிக்கொண்டிருந்தவன், பஸ் வரும் சத்தம் கேட்டதும் ஓடினேன். வாசலில் கதவாக இருந்த முள் படலைச் சாத்தினேனா, கயிற்றைக் கட்டினேனா என்று யோசிக்கவே இல்லை. ஆடுகள் அடுத்த புஞ்சைக்குள் இறங்கிவிட்டன. மழை பொய்த்து வாடி நின்ற இளஞ்சோளம். வாடிய பயிர் விஷம், தின்ற ஆடு பிழைக்காது. சாயங்காலத்துக்குள் ஐந்தும் வயிறு ஊதிச் செத்துக் கிடந்தன.

படலை யாரோ வேண்டுமென்றே அவிழ்த்துவிட்டதாகச் சித்தி நம்பினாள். வரப்புத் தகராறு ஏற்கெனவே இருந்ததால் அந்தப் புஞ்சைக்காரர்மேல் சந்தேகம். அவர் சத்தியம் செய்தும் அவள் கேட்கவில்லை. செய்தவன் ஒப்புக்கொள்ளாவிட்டால் எங்கள் பக்கத்தில் காவல் தெய்வத்தின் முன்னால் உளியை வைத்துக் காசை இரண்டாக வெட்டிப் போடுவார்கள். பிறகு சாமி பார்த்துக்கொள்ளும். படலை அவிழ்த்தவன் குடும்பம் விளங்கக் கூடாது என்று சொல்லி வெட்டினாள். அவளைப் பைக்கில் கோயிலுக்குக் கூட்டிப்போனவன் நான். உளியை எடுத்துக் கொடுத்ததும் நான்தான். அப்போது வாயைத் திறந்திருந்தால் அதோடு முடிந்திருக்கும். நான் கோழை.

அன்று பிடித்த பயம் விடவில்லை. கடையில் காய்ச்சல் மாத்திரையை ஊருக்கே தைரியமாகக் கொடுப்பேன். அதையே என் மகளுக்கு எடுத்துப்போகும்போது அட்டையில் தேதியை மூன்று முறை பார்ப்பேன். சாமியாவது பூதமாவது என்று நண்பர்களிடம் வாய் கிழியப் பேசிவிட்டு, மறுநாளே அந்தத் தெய்வத்துக்கு மாலை வாங்கிப் போயிருக்கிறேன்.

போன மாதம் கடையில் கூட்டமில்லாத ஒரு மத்தியானம், காலி மருந்து அட்டைப்பெட்டியைக் கிழித்து அதன் உட்புறத்தில் எழுதிவிட்டேன். 'சித்தி காசு வெட்டிப் போட்டது என்மேல்தான் என்பது அவளுக்குத் தெரியாது.' எழுதி முடித்ததும் சட்டை நனைந்துவிட்டது. அடுத்த வரி என்னவாக இருக்கும் என்று முதன்முறையாக எனக்கே தெரிந்துகொள்ள வேண்டும்போல் இருந்தது. ஆனால் புத்தகமாக வந்து, ஊரில் யாராவது படித்து அவள் காதில் போட்டால்? நாமே சொல்லிவிடுவது மேல் என்று ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினேன். திட்டுவாள், அழுவாள், கோயிலுக்குப் போய் வெட்டிய காசைத் திரும்ப எடுத்துக்கொள்வதாகச் சாமியிடம் சொல்லுவாள், என் பயம் தீர்ந்துவிடும் என்று நினைத்தேன்.

அவளுக்குப் படிக்கத் தெரியாது. எழுதிய அட்டையை எடுத்து வாசித்தேன். கடலை உரித்துக்கொண்டிருந்த கை நின்றது. படல் கயிற்றை நான்தான் கட்டாமல் போனேன் என்றும் சொன்னேன். அவள் திட்டவில்லை.

"அப்ப, அவுக மகன்?" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. மூன்று வருடத்துக்கு முன் புஞ்சைக்காரரின் மகன், காலேஜ் படித்துக்கொண்டிருந்தவன், பந்தல்குடி ரோட்டில் லாரியில் அடிபட்டு இறந்தது எனக்கும் தெரியும். அதை இதோடு சேர்த்து நான் நினைத்ததே இல்லை.

"சாமி கேட்டுருச்சுன்னு இருந்தேம்ப்பா. எழவுக்குக்கூடப் போகல."

அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பதினொரு வருடம் நான் வைத்திருந்த பயத்தைக் கொண்டுவந்து அவள் மடியில் இறக்கிவிட்டேன். அவள் முறத்தைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தாள்.

"எந்திரி. அவுக வீட்ல வந்து வாசி."

நான்கு வீடு தள்ளித்தான். அவள் முன்னால் நடக்க, திரும்பி ஓடிவிடலாமா என்று யோசித்துக்கொண்டே போனேன். புஞ்சைக்காரர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். சித்தி தன் வீட்டுப்படிக்கு வருவதைக் கண்டதும் எழுந்து நின்றார். வாசித்தேன். சரியாகக் காதில் விழவில்லை என்று மறுபடி வாசிக்கச் சொன்னார். படலைப் பற்றியும் சொல்லி முடித்தேன். சித்தி தலையைக் குனிந்து நின்றாள்.

"நான் அவுக்கலன்னு அடுத்து எழுதிருக்கியா?" என்று கேட்டார்.

அடுத்த வரி இன்னும் எழுதவில்லை என்றேன்.

உள்ளே போனவர் ஒரு பேனாவோடு வந்தார். மூடி முழுக்கப் பல்லால் கடித்த தடம். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் கடிக்கிற கடி. அதை என்னிடம் நீட்டி, அந்த வரியை எழுதச் சொன்னார். வாங்கி அட்டையின்மேல் வைத்தேன். அவர்கள் இருவரும் பார்த்துக்கொண்டு நிற்க, என் கை ஓடவில்லை.