சேவியர் பம்பு போட்ட வண்டி

சேவியர் இறந்த செய்தி வந்தபோது ஒட்டன்சத்திரத்தில் ஒரு பழைய டீசல் ஜீப்புக்கு விலை பேசிக்கொண்டிருந்தேன். போனில் அவன் மகள், "அப்பா பட்டறையிலயே விழுந்துட்டாரு மாமா. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறதுக்குள்ள முடிஞ்சிருச்சு" என்றாள். வண்டிக்காரர் இன்னும் விலையைச் சொல்லிக்கொண்டே இருந்தார். அவருக்குக் கையைக் காட்டிவிட்டுப் புறப்பட்டேன்.

திண்டுக்கல்லில் பழைய ஜீப் வாங்கி விற்கும் நம் வியாபாரிகளில், மெக்கானிக் சேவியரிடம் திட்டு வாங்காதவர் கிடையாது. அடி வாங்கியவர்களும் உண்டு. செத்துவிட்டான் என்பதற்காக அவனைச் சாது என்று எழுதினால் நீங்களே சிரிப்பீர்கள்.

ஒருமுறை ஒரு டிரைவர், கொதித்துப்போய் நின்ற வண்டியின் ரேடியேட்டர் மூடியைத் திருகப் போனார். சேவியர் ஓடிவந்து இடுப்பில் விட்ட உதையில் அவர் டயர் குவியலுக்குள் போய் விழுந்தார். "உதைக்கிறியே, நீ மனுசனா?" என்றார். "நான் உதைச்சா வலிக்கும் அப்பு. கொதிதண்ணி தோலை உரிச்சிரும். எது வேணும் சொல்லு" என்றான் சேவியர்.

எஞ்சின் ஆறினால்தான் மூடியைத் திறப்பான். ரேடியேட்டர் வாயில் கைப்பம்பை மாட்டி அழுத்தம் ஏற்றுவான். பிறகு ஒரு பீடியைப் பற்றவைப்பான். அது தீரும்வரை பம்பின் அழுத்த முள் இறங்காமல் நின்றால் தண்ணீர் எங்கும் ஒழுகவில்லை என்று பொருள். அதுவரை வாங்குபவனும் விற்பவனும் வாயைத் திறக்கக்கூடாது. "சேவியர் பம்பு போட்ட வண்டி" என்று சொன்னால் நம் ஊரில் அதற்குமேல் கேள்வி இல்லை.

தொண்ணூறுகளில் குஜிலியம்பாறைப் பக்கத்துப் பண்ணைக்காரர் ஒருவர் ஒரு ஜீப்பை விற்க வந்தார். கன்னிவாடியிலிருந்து மலைக்கு ஆள் ஏற்றிப்போகும் ஒருவருக்காக நான் அதைக் கேட்டிருந்தேன். சேவியர் மூடியைத் திறந்தான். தண்ணீர் மஞ்சளாக இருந்தது. ஓட்டையை அடைக்க மஞ்சள்தூள் போடுவது நமக்குத் தெரிந்த வித்தைதான்.

"ஏண்ணே, ரேடியேட்டர்ல ரசம் வச்சிருக்கீகளா?" என்றான். பண்ணைக்காரர் சிரிக்கவில்லை.

பாதி பீடியிலேயே முள் சரிந்தது. வெளியே ஒரு சொட்டுக்கூட இல்லை. "உன் பம்புதான் கோளாறு" என்றார் பண்ணைக்காரர். சேவியர் எஞ்சின் மேலிருந்த, டீசல் பீய்ச்சும் நாசிலைக் கழற்றிவிட்டுச் சாவியைத் திருகினான். கழற்றிய துளையிலிருந்து மஞ்சள் தண்ணீர் பீச்சி அவருடைய வெள்ளைச் சட்டையை நனைத்தது. உள்ளே கேஸ்கெட் போய், ரேடியேட்டர் தண்ணீர் எஞ்சினுக்குள் இறங்கியிருந்தது. அதை வாங்கியிருந்தால் மலையேற்றத்தில் ஆட்களோடு எஞ்சின் இறுகி நின்றிருக்கும்.

அவரோடு வந்தவன் ஜாக்கிக் கம்பியை எடுத்தான். "வண்டி நல்லாருக்குன்னு சொல்லுடா" என்றார் பண்ணைக்காரர்.

நான் சேவியரின் காதருகே போய், "சொல்லித் தொலைடா. நான் வாங்கல. அவுக பாட்டுக்குப் போகட்டும்" என்றேன்.

"நீ வாங்கமாட்டே. நாளைக்கு வேறொருத்தன்ட்ட என் பேரைச் சொல்லியில்ல விப்பாக" என்றவன், தெருவே கேட்கும்படி கத்தினான்: "வண்டி செத்துப்போச்சு!"

கம்பி தாடையில் இறங்கியது. எலும்பு உடைந்த சத்தம் எனக்குக் கேட்டது. விழுந்த சேவியர், கையில் கிடைத்த ஸ்பேனரால் அடித்தவன் முழங்காலைப் பெயர்த்தான். நான் பண்ணைக்காரரின் கழுத்தைப் பிடித்து வண்டியோடு சேர்த்து நெரித்தேன். பக்கத்துக் கடைக்காரர்கள் பிரித்துவிட்டபோது தரையில் யார் ரத்தம் என்று சொல்ல முடியாது. தாடைக்குக் கம்பி கட்டிக் கஞ்சி குடித்துக் கிடந்த நாட்களிலும் சேவியர் கை ஜாடையிலேயே கெட்ட வார்த்தை பேசினான்.

அடுத்த வருடம் அதே பண்ணைக்காரர் வேறொரு ஜீப்போடு பட்டறைக்கு வந்தார். சேவியர் பம்பு போடாமல் அவருடைய வண்டியை வாங்க ஊரில் ஆளில்லை. இறங்கியவரைச் சேவியர் ஓங்கி ஓர் அறை விட்டான். அவர் தலைப்பாகை சாக்கடையில் விழுந்தது. "இது போன வருசத்துக்கு" என்றான். "இப்ப மூடியைத் திறங்க."

வாங்க வந்தவர் காத்திருந்தார். சேவியர் ஒரே ஒரு பொய் சொல்லியிருந்தால் பண்ணைக்காரரின் வியாபாரம் அங்கேயே கெட்டிருக்கும். பீடி தீர்ந்தது, முள் அசையவில்லை. வீங்கிய கன்னத்தோடு நின்றவரைத் திரும்பிப் பார்க்காமல், "நல்ல வண்டி. தைரியமா எடுங்க" என்றான் சேவியர்.

"ஏன்டா, உன் தாடையை ஒடைக்க வச்சவன்டா!" என்றேன்.

"ஏலே யாவாரி, அவன்தான கெட்டவன்? வண்டி என்ன பண்ணுச்சு?"

சேவியரை அடக்கம் செய்த மறுவாரம் அந்தப் பண்ணைக்காரரின் வண்டி ஒன்று என்னிடம் வந்தது. நானே பம்பு போட்டுப் பார்த்தேன். முள் நின்றது. வாங்க வந்தவர் என் முகத்தைப் பார்த்தார். பிடிக்காதவனின் பொருளை ஒரே சொல்லில் கெடுப்பது நம் தொழிலில் சுலபம்; நானும் அதில் கெட்டிக்காரன். "நல்ல வண்டி, எடுங்க" என்றேன். சேவியரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது இந்தப் பழக்கம் ஒன்றுதான். பண்ணைக்காரர் கும்பிட்டார். நான் பதிலுக்குக் கும்பிடவில்லை.